பிரசவத்துக்குப் பின் இரவு வியர்வை: பச்சை உடம்புக்காரிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகள் தலைப்பிரசவத்துக்காகப் பாலக்கோட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, "அம்மா, யாரோ தண்ணி ஊத்தின மாதிரி இருக்கும்மா" என்று எழுப்பினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நைட்டியின் முதுகுப்பக்கம் தோலோடு ஒட்டியிருந்தது. கழுத்து மடிப்பிலிருந்து வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தலையணை உறையைத் தொட்டால், கொடியிலிருந்து காயாமல் எடுத்த துணியைப் போல் இருந்தது. ஜன்னல் இரண்டும் சாத்தியிருந்தன. காதில் பஞ்சு, தலையில் துண்டு, காலில் சாக்ஸ், மேலே கம்பளி. அத்தனையையும் செய்துவைத்தவள் நான்தான்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த என் மாமியார், "ஜன்னி கண்டிருக்குமோ, நல்லாப் போத்தி விடு" என்றார். எனக்கும் கை நடுங்கியது. குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்து மகளின் நாக்கின் கீழ் வைத்தபோது 98.2 என்று காட்டியது. காய்ச்சல் இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் நடந்ததைக் கேட்டுவிட்டு முதலில் ஜன்னலைத் திறந்தார், பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், அதன் பிறகுதான் பேசவே தொடங்கினார். அன்று அவர் சொன்னவற்றையும், அடுத்த ஐந்து வாரங்களில் நாங்கள் செய்து பார்த்துக் கற்றவற்றையும், மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தாய்மார்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, மாமியார், கணவர் ஆகியோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இப்படி வியர்க்கிறது

இதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

முதலாவது, உடலில் தேங்கிய நீர். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் உடலில் 6 முதல் 8 லிட்டர் வரை கூடுதலாக நீர் சேர்கிறது. இரத்தத்தின் அளவே ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. இந்த நீரில் ஒரு பகுதி குழந்தையோடும் பனிக்குட நீரோடும் பிரசவத்தின்போதே வெளியேறிவிடும். மீதமுள்ளதை உடல் அடுத்து வரும் நாட்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேற்றியாக வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை சிறுநீர் அடிக்கடி, நிறையப் போவதும், கால் வீக்கம் மெல்ல வடிவதும், இரவில் வியர்ப்பதும் இந்த ஒரே வேலையின் வெவ்வேறு முகங்கள். பிரசவத்தின்போதோ அறுவைச் சிகிச்சையின்போதோ நிறைய குளுக்கோஸ் பாட்டில் ஏற்றப்பட்டிருந்தால், அந்த நீரும் இந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாவது, ஹார்மோன். ஒன்பது மாதமாக ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைப் பெருமளவில் சுரந்துகொண்டிருந்தது நஞ்சுக்கொடி. அது வெளியேறியவுடன், அந்த இரண்டின் அளவும் சில நாட்களுக்குள் சரிந்துவிடுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இந்தச் சரிவில் தடுமாறி, உடல் சூடாக இல்லாதபோதும் சூடாக இருப்பதாக எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வரும் திடீர்ச் சூடும் வியர்வையும் இதே வழியில்தான் வருகின்றன. ஐம்பது வயதைக் கடந்த மாமியாருக்கு இதைப் புரியவைக்க அந்த ஒரு ஒப்பீடே போதும். என் மாமியாருக்கு அப்படித்தான் புரிந்தது.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து குறைவாகவே இருக்கும் என்பதால், வியர்வை சற்று நீளலாம். பால் சுரந்து இறங்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் உடம்பு குப்பென்று சூடாவதும், தொண்டை வறண்டு தாகம் எடுப்பதும்கூட இயல்பானவை. இதற்காகப் பால் கொடுப்பதைக் குறைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

எத்தனை நாள் நீடிக்கும்

பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வாரங்கள் கடுமையாக இருக்கும், பிறகு படிப்படியாகத் தணியும், ஆறு வாரத்துக்குள் ஏறத்தாழ நின்றுவிடும். என் மகள் முதல் பத்து நாட்கள் இரவுக்கு மூன்று முறை உடை மாற்றினாள். மூன்றாம் வாரத்தில் அது ஒரு முறையாகக் குறைந்தது. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் காலை, அவள் படுத்திருந்த பழைய சேலை மடிப்பு இரவு விரித்தபடியே காய்ந்து கிடந்தது.

இந்தக் காலத்தில் வியர்வையை நிறுத்துவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது, நிறுத்தவும் முடியாது. அது உடல் செய்ய வேண்டிய வேலை. தாய் நனைந்தபடியே கிடக்காமலும், உடல் வறண்டுபோகாமலும், இருக்கிற கொஞ்சத் தூக்கத்தை இழக்காமலும் பார்த்துக்கொள்வதும், உண்மையான காய்ச்சல் வந்தால் அதைத் தவறவிடாமல் இருப்பதும்தான் வீட்டாரின் பொறுப்பு.

முதல் படி: காய்ச்சலா, வெறும் வியர்வையா

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். நெற்றியில் புறங்கை வைத்துப் பார்ப்பது பச்சை உடம்புக்காரி விஷயத்தில் போதாது. வியர்த்த தோல் குளிர்ந்திருக்கும், உள்ளே காய்ச்சல் இருந்தாலும் கைக்குத் தெரியாது.

நாக்கின் அடியில் வைத்து, உதட்டை மூடி, ஒலி வரும்வரை காத்திருங்கள். வெந்நீரோ காபியோ குடித்திருந்தால் இருபது நிமிடம் கழித்து வையுங்கள். அக்குளில் வைப்பதானால் முதலில் வியர்வையை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். ஈர அக்குள் குறைத்துக் காட்டும். துடைத்த பின்னும் அக்குள் அளவு வாயின் அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், அங்கே 99-க்கு மேல் காட்டினாலே வாயிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தவறில்லை. பிரசவமான ஆறு வாரத்துக்குள் இந்த அளவையோ அதற்கு மேலோ காட்டினால், "பால் கட்டியிருக்கும், அதான் காய்ச்சல்" என்று நாமே முடிவு செய்துகொண்டு கசாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. கருப்பைத் தொற்று, தையல் புண்ணில் சீழ், சிறுநீர்த் தொற்று, மார்பில் அழற்சி, டெங்கு என எதுவாகவும் இருக்கலாம். எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தையல் வலிக்காகப் பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அது வலியோடு காய்ச்சலையும் இறக்கும், இறங்கும்போது நன்றாக வியர்க்கும். ஆகவே மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வியர்த்து, அப்போது அளவெடுத்து "98 தான்" என்று நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. அடுத்த மாத்திரையைப் போடுவதற்குச் சற்று முன்பு அளவெடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை அளவெடுத்து, நாள்காட்டித் தாளின் பின்புறத்திலாவது குறித்து வைத்தால், மருத்துவமனைக்குப் போக நேரும்போது அந்தத் தாள் மிகவும் உதவும்.

இரண்டாம் படி: அறையைத் திறப்பது

காற்று பட்டால் ஜன்னி வரும் என்ற அச்சம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் பிரசவம் பார்த்த காலத்தில், பிள்ளை பெற்ற சில நாட்களில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டு இறந்துபோன பெண்களை நம் பாட்டிமார்கள் கண்ணால் கண்டவர்கள். குளிர் நடுக்கம் முதலில் வந்ததால், குளிர்ந்த காற்றின் மீது பழி விழுந்தது. உண்மையில் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் கழுவாத கை, சுத்தமில்லாத கத்தி, அழுக்குத் துணி ஆகியவற்றின் வழியே கருப்பைக்குள் புகுந்த கிருமிகள். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதும் தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. எனவே ஜன்னியைத் தடுக்க நினைக்கும் பெரியவர்கள், அந்த அக்கறை முழுவதையும் சோப்பிலும், கொதிக்க வைத்துக் காய்ந்த துணியிலும், அடிக்கடி மாற்றும் நாப்கினிலும் காட்டினால் அதுதான் உண்மையான காவல்.

தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் சித்திரை, வைகாசியில் பிரசவமானவர்களுக்கு அறையே பாதித் தொல்லை. கான்கிரீட் தளமும் சிமெண்ட் ஷீட்டும் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில்தான் கீழே இறக்கும். எதிரெதிரான இரண்டு திறப்புகள் இருக்கும்படி ஒரு ஜன்னலையும் ஒரு கதவையும் திறந்து வையுங்கள். கொசுவலை கட்டிவிட்டால் திறப்பதற்குத் தயக்கம் இருக்காது. மின்விசிறியைப் போடலாம்; நேராக முகத்தில் அடிப்பது பிடிக்காவிட்டால் மேசை விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் காற்று சுற்றி வரும். மாலையில் மொட்டைமாடியில் நான்கு குடம் தண்ணீர் தெளிப்பது, கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுவது ஆகிய சின்ன மாற்றங்களும் இரவில் வித்தியாசத்தைக் காட்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலைமை வேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் பகுதிகளில் மார்கழி இரவு உண்மையிலேயே குளிரும். அங்கே சிக்கல் என்னவென்றால், வியர்த்து நனைந்த உடையோடு கிடந்தால் பத்தாவது நிமிடத்தில் உடல் நடுங்கத் தொடங்கும், வீட்டார் இன்னொரு கம்பளியைப் போர்த்துவார்கள், மறுபடி வியர்க்கும். ஒரு கனத்த கம்பளிக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய பருத்திப் போர்வைகளைப் போர்த்தினால், வியர்க்கும்போது ஒன்றை நீக்கலாம், குளிரும்போது சேர்க்கலாம். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே தாயையும் பிள்ளையையும் கொன்றுவிடும். சாம்பிராணிப் புகையையும் தாய் சேய் படுக்கும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: படுக்கையும் உடையும்

ஒவ்வொரு வீட்டிலும் பீரோவின் அடித்தட்டில் பழைய பருத்திச் சேலைகள் இருக்கும். இந்த ஆறு வாரத்துக்கு அவற்றுக்கு ஈடான பொருள் கடையில் இல்லை. மெத்தையின் மேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதன் மேல் வழக்கமான விரிப்பு, அதற்கும் மேல் நான்காக மடித்த பருத்திச் சேலை. இரவில் நனைந்தால் மேலே உள்ள சேலையை மட்டும் உருவிவிட்டு அடுத்ததை விரிக்கலாம். விளக்கைப் போட்டு மெத்தையைப் புரட்ட வேண்டியதில்லை. தலையணையின் மேல் ஒரு துண்டு போதும்.

உடை பருத்தியாகவும் தளர்வாகவும் இருக்கட்டும். பிரசவத்துக்கென்று பரிசாக வரும் வழுவழுப்பான பாலியெஸ்டர் நைட்டிகளை எடுத்து வைத்துவிடுங்கள். அவை வியர்வையை உறிஞ்சாமல் தோலிலேயே நிறுத்தும். முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி ஐந்தாறு இருந்தால் துவைத்துக் காய்வதற்கு நேரம் கிடைக்கும். காதுப் பஞ்சும் தலைத்துண்டும் பெரியவர்களின் மன நிம்மதிக்காக வேண்டுமென்றால் பகலில் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போகட்டும். இரவில் தலையிலும் நிறைய வியர்க்கும், அப்போது வேண்டாம்.

வயிற்றில் துணி இறுக்கிக் கட்டும் வழக்கம் உள்ள வீடுகளில், இரவில் அதை அவிழ்த்துவிடுவது நல்லது. அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு அந்தக் கட்டின் அடியில் வியர்வை தேங்கித் தையல் ஊறிப்போகும். என் மகளுக்குச் சுகப்பிரசவம்தான். அவளுக்கே இடுப்பைச் சுற்றி நான்கு நாளில் சிவந்துவிட்டது.

தாய்க்கு வியர்க்கிறது என்பதற்காகவோ, தாயின் ஈரம் பட்டுச் சளி பிடிக்கும் என்பதற்காகவோ குழந்தையைக் கூடுதலாகச் சுற்ற வேண்டியதில்லை. பால் கொடுப்பதற்கு முன் மார்பிலுள்ள வியர்வையை வெறும் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும். சோப்புப் போட்டால் காம்பு வறண்டு வெடிக்கும். தாயின் வியர்வை பாலைக் கெடுக்காது.

நான்காம் படி: தண்ணீரும் பத்தியமும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு பெருத்துவிடும், உடம்பு ஊதிவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி நாளுக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடும் வழக்கம் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஒருபுறம் வியர்வையாகப் போகிறது, ஒருபுறம் பாலாகப் போகிறது, குடிக்கவும் கொடுக்காவிட்டால் அந்த உடம்பு என்ன செய்யும்? தலைவலி, மயக்கம், மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல், தொற்று என்று வரிசையாக வரும். மலம் இறுகினால் தையல் போட்ட இடத்தில் உயிர் போகும் வலி. உடலில் உள்ள கூடுதல் நீர் வெளியேறும் காலத்தில் தண்ணீர் குடித்தால் அந்த நீர் மீண்டும் தங்கிவிடும் என்ற பயமும் தேவையில்லாதது. போதிய நீர் கிடைத்தால்தான் சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை, கஞ்சி, மோர், பால், ரசம் எல்லாம் சேர்த்து, உள்ளே போக வேண்டும். இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு: பிள்ளை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும், ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டால் ஏறத்தாழ இரண்டு லிட்டர் தானாகவே முடிந்துவிடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறார் என்று பொருள். அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர்தான் பிடிக்கும் என்றால் அப்படியே குடிக்கட்டும், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்ததும் நல்லதே. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் மாவட்டங்களில் பெரிய கேள்வி. இங்குள்ள நிலத்தடி நீரில் பல ஊர்களில் புளோரைடு அதிகம்; லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்க ஏற்றதன்று. பற்களில் பழுப்புக் கறையும் முதிய வயதில் வளையாத முதுகும் எங்கிருந்து வந்தன என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகவே கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். பிள்ளை பெற்றவள் மூன்று லிட்டர் குடிக்கப்போகிறாள் என்பதால், குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை அவளுக்கென்று தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

நம் ஊர்க் கேழ்வரகைப் போல் இந்த நேரத்துக்கு ஏற்ற உணவு குறைவு. சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. கூழாகக் கரைத்து மோர் விட்டுக் கொடுத்தால் தண்ணீரும் உப்பும் சத்தும் ஒன்றாகவே போகும். கூழும் மோரும் குளிர்ச்சி, ஆகாது என்று மறுக்கும் வீடுகளில், மதிய வேளையில் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கண்ணால் காணச் செய்வதைவிடச் சிறந்த வாதம் இல்லை. சளி கிருமியால் வருவது; தாய் குடிக்கும் மோர் பால் வழியே சளியாக இறங்காது.

சுக்கு, மிளகு, பூண்டு, லேகியம் ஆகியவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. அரசு 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்திலேயே தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியம் வைக்கப்பட்டது. ஆனால் காரமும் மிளகும் வியர்வையைத் தூண்டும் என்பதால், மிளகுக் குழம்பையும் லேகியத்தையும் காலை, மதியத்தோடு நிறுத்திக்கொண்டு, இரவு உணவை எட்டு மணிக்குள் இட்லி, இடியாப்பம், பருப்புச் சாதம் என எளிதாக முடித்துக்கொண்டால் இரவு சற்று அமைதியாகக் கழியும். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைச் சூடு என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வியர்வைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இரவில் எழுந்து மாற்றும் முறை

படுக்கப் போகும் முன் கையெட்டும் தூரத்தில் ஒரு கூடையில் மாற்று நைட்டி இரண்டு, உள்ளாடை, மடித்த சேலை, கைத்துண்டு இரண்டு, மூடிய சொம்பில் தண்ணீர், தெர்மாமீட்டர், டார்ச் ஆகியவற்றை வைத்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் தடுமாற வேண்டியதில்லை.

வியர்த்து விழிப்பு வந்தவுடன் சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது. இரத்தம் குறைந்த உடம்பு, தூக்கமில்லாத கண், வியர்வையில் இறங்கிய இரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் தலைசுற்றி விழ நேரும். முதலில் ஒருக்களித்து உட்கார்ந்து அரை டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கழுத்து, அக்குள், மார்பின் அடி, முதுகு என்று உலர்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள். உட்கார்ந்தபடியே உடையை மாற்றுங்கள். சேலை மடிப்பை மாற்றும் வேலையை உடனிருப்பவர் செய்யட்டும். பிள்ளைக்குப் பசிக்கும் நேரம் நெருங்கியிருந்தால் அப்போதே பாலையும் கொடுத்துவிட்டால் இன்னொரு விழிப்பு மிச்சமாகும். ஓசூர் சிப்காட் பகுதியில் வாடகை வீட்டில் கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கும் குடும்பங்களில், இந்த வேலை முழுவதும் கணவருடையது. பத்து நிமிட வேலைதான், அதை அவர் செய்தால் அவளுக்கு அரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

குளியலும் தோலும்

இத்தனை வியர்வைக்கு நடுவே மூன்று நாளுக்கு ஒருமுறை குளியல் என்பது பொருந்தாது. வெதுவெதுப்பான நீரில் தினமும் உடம்புக்கு ஊற்றலாம். அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து குளித்து, தையலைத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதும் வேது பிடிப்பதும் ஏற்கெனவே தளர்ந்த உடம்பை மயக்கம் வரை கொண்டுபோகும். தலைக்கு ஊற்றுவதைக் காலையில் வைத்துக்கொண்டால் கூந்தல் இரவுக்குள் காய்ந்துவிடும்.

மார்பின் அடியிலும் தொடை இடுக்கிலும் வேர்க்குருவோ அரிப்போ வந்தால், உலர்வாக வைத்திருப்பதே முதல் மருந்து. பவுடரை அள்ளிக் கொட்டினால் அது குழந்தையின் மூச்சில் ஏறும். வட்டமாகச் சிவந்து அரித்தால் படையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது படையை உள்ளுக்குள் வளர்த்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய நேரங்கள்

வியர்வையோடு 100.4 அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றில் வலி, துர்நாற்றத்தோடு வெளியேறும் உதிரம், தையலில் சிவப்போ சீழோ, மார்பில் ஓரிடம் கல்லாகிச் சிவந்து வலிப்பது ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடல் சில்லிட்டுக் குளிர்ந்த வியர்வை வழிய, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனையும் அளவுக்கு உதிரம் போனாலோ, பெரிய கட்டிகளாக விழுந்தாலோ, அது உயிர் போகும் நிலை. ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கடும் தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, வலிப்பு ஆகியவை பிரசவத்துக்குப் பிறகும் வரும் இரத்த அழுத்தக் கோளாறின் அடையாளங்கள். கர்ப்பத்தில் அழுத்தம் இல்லாதவர்களுக்கும் வரலாம். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை இரத்தக் கட்டியின் அடையாளங்கள்.

பிள்ளை பெற்றவள் இரண்டு மூன்று இரவுகள் துளியும் தூங்காமல், தொடர்பில்லாமல் பேசி, இல்லாததைக் கண்டதாகச் சொன்னால், அதையும் நம் ஊரில் ஜன்னி என்றே சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அது பிரசவத்தை ஒட்டி வரும் மனநோய்; மருந்தால் குணமாகும், ஆனால் அவசர சிகிச்சை வேண்டும். நெஞ்சு படபடத்து, வியர்த்து, காரணமில்லாத பயமும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவ ஆலோசனைக்கான 104-இலோ, மனநலத்துக்கான 14416 என்ற இலவச எண்ணிலோ பேசலாம்.

அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் இருப்பவர்கள் இரவில் இறங்கி வருவதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சமவெளியில் இருப்பவர் விடியட்டும் என்று பார்க்கும் அறிகுறிக்கு, மலையில் இருப்பவர் பொழுது இருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும்.

ஆறு வாரம் கழிந்தும் நிற்காவிட்டால்

குறைந்துகொண்டே வந்த வியர்வை திரும்பக் கூடினாலோ, ஆறு வாரத்துக்குப் பிறகும் உடை மாற்றும் அளவுக்குத் தொடர்ந்தாலோ, பரிசோதனை தேவை. பிரசவமான சில மாதங்களில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி ஹார்மோனைக் கூடுதலாகக் கசியவிடும்; கை நடுக்கம், படபடப்பு, எடை இறங்குதல், சூடு தாங்காமை ஆகியவை அதன் குறிகள். "பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், அதனால் இளைத்துவிட்டாள்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, ஓர் இரத்தப் பரிசோதனையில் வெளிப்பட வேண்டியது மறைந்தே இருந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் மெல்லிய காய்ச்சல், பசியின்மை ஆகியவற்றோடு இரவு வியர்வை சேர்ந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், பிள்ளையின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்கு இரவில் சர்க்கரை இறங்கினாலும் வியர்த்துக் கொட்டும். பிரசவத்துக்குப் பின் இன்சுலின் தேவை குறைந்துவிடும் என்பதால் அளவை உடனே சரிபார்க்க வேண்டும். மன அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும். தாமாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாற்பத்திரண்டாம் நாள் பரிசோதனைக்குப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிடுபவர்கள் அதிகம். அன்று தாயும் உட்கார்ந்து இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு, தையல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நாளில் வியர்வை தொடங்கியது, இரவுக்கு எத்தனை முறை உடை மாற்ற வேண்டியிருந்தது, காய்ச்சல் எப்போதாவது ஏறியதா, என்னென்ன மாத்திரை போகிறது என்று நாள்காட்டித் தாளில் குறித்ததை எடுத்துப்போய்க் காட்டினால், கூட்டமான நாளிலும் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடுவார்.